முழங்கால் வலியும் சீகோங்கும்: என் அனுபவம்

சீனாவின் குவாங்சோ நகரில் வேலை பார்த்தபோது என் கழுத்தும் தோளும் கல்லாகவே கிடந்தன. வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் காலையில் பெரியவர்கள் சீகோங் செய்வார்கள்; மெதுவான அசைவும் மூச்சும் சேர்ந்த சீனப் பயிற்சி அது. நானும் பின்வரிசையில் போய் நின்றேன். அவர்கள் செய்தது 'பா துவான் ஜின்', எட்டு அசைவுகள் கொண்ட பழைய பயிற்சி.

இரண்டாவது வாரமே முழங்கால் வலி. விட்டுவிடலாம் என்றே நினைத்தேன்.

ஒருநாள் முன்வரிசைப் பாட்டி என் தோளை இரண்டு விரலால் தட்டி, "சுங்" என்றார். தளர்த்து என்று அர்த்தம். அப்புறம் என் காலைக் காட்டினார். பாதங்கள் வெளியே திரும்பியிருந்தன, முழங்கால்கள் உள்ளே சரிந்து கால்விரல்களைத் தாண்டி நின்றன. தேவைக்கு மேல் தாழ்ந்து நின்றதுதான் தப்பு.

பாதங்களைத் தோளகலத்தில் நேராக வைத்தேன். உயரமான முக்காலியில் உட்காரப் போவதுபோல் இடுப்பைக் கொஞ்சம் மட்டும் இறக்கினேன். மூச்சை எண்ணுவதையும் விட்டேன். கைகள் மேலே போகும்போது அது தானாக உள்ளே வந்தது. பத்து நாளில் வலி நின்றது. கழுத்து இளக மூன்று மாதம் ஆனது.

இதை மருந்தாக அவர்கள் நினைப்பதில்லை. 'யாங்ஷெங்', அதாவது உயிரைப் பேணுதல் என்பார்கள். சீனாவின் சாங்ஷா நகரில் உள்ள மாவாங்துயி கல்லறையில் 1973இல் கிடைத்த பட்டுத்துணியில் இப்படிப் பயிற்சி செய்யும் 44 உருவங்கள் இருக்கின்றன. அந்தக் கல்லறை கி.மு. 168ஐச் சேர்ந்தது. ஆணும் பெண்ணும் அந்தத் துணியில் கைகளை உயர்த்தி நிற்கிறார்கள், பாட்டி நின்றதைப் போலவே.