மலேசியாவில் ரூம் போடும்போது நம்மூர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

மதுரையிலிருந்து குடும்பத்தோடு மலேசியா போகிறவர்கள் இப்போது அதிகம். முன்பெல்லாம் டிராவல்ஸ்காரரிடம் பணத்தைக் கட்டிவிட்டு, அவர் காட்டிய ஹோட்டலில் தங்கிவிட்டு வருவார்கள். இப்போது டிக்கெட், ரூம் இரண்டையும் செல்போனிலேயே போட்டுவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ரூம் தேடும்போது பலரும் பார்ப்பது வாடகையும் போட்டோவும் மட்டும்தான். கோலாலம்பூர், பினாங்கு, கேமரன் மலை, லங்காவி என்று ஊர் ஊராகச் சுற்றப்போகிறவர்களுக்கு அது போதாது. காலையில் அந்த ரூமிலிருந்து எங்கே கிளம்பப்போகிறோம், எதில் போகப்போகிறோம் என்ற கேள்வியிலிருந்துதான் தேட ஆரம்பிக்க வேண்டும்.

முதல் தவறு, ஹோட்டல் பெயரை நம்புவது. கோலாலம்பூர் விமான நிலையம் இருப்பது சிப்பாங் என்ற இடத்தில். நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே இருக்கும் ஹோட்டல்கள் விமான நிலையத்தின் பெயரோடு சேர்த்துத் தங்கள் பெயரை வைத்திருக்கும், வாடகையும் குறைவாகத் தெரியும். நம் மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடியில் ரூம் போட்டுவிட்டு தினமும் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வந்துபோவதாக நினைத்துப் பாருங்கள். அதைப்போல நான்கைந்து மடங்கு தூரம் இது. நள்ளிரவில் இறங்கி மறுநாள் காலை வேறு விமானம் பிடிப்பவர்களுக்கு அந்த ஹோட்டல் சரி. ஊர் சுற்ற வந்தவர்களுக்கு ஆகாது.

நகரத்துக்குள் தங்குவதென்றால், முதல் முறை போகும் குடும்பங்களுக்கு நான் சொல்வது கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி. விமான நிலையத்தின் முதல் டெர்மினலிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிடத்தில் அங்கே வந்துவிடும். பத்துமலைக்கும் அங்கிருந்தே ரயில் இருக்கிறது. கீழே இறங்கினால் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும், கடைக்காரரிடம் தமிழிலேயே பேசலாம். சைவம் மட்டுமே சாப்பிடும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஏனென்றால் ஹோட்டல் வாடகையோடு சேர்த்துத் தரும் காலை உணவில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு இருந்தால், அதில் நெத்திலிக் கருவாடு இருக்கும். அதோடு வரும் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் இறால் விழுது கலந்திருப்பதும் சகஜம். காய்கறி போலத் தெரிவதெல்லாம் சைவம் இல்லை. புக்கிட் பிந்தாங் பக்கம் கடைத்தெருவும் வெளிச்சமும் இளவட்டங்களுக்குப் பிடிக்கும்தான். ஆனால் மதுக்கூடங்கள் உள்ள தெருவில் ரூம் அமைந்துவிட்டால் இரவு வெகுநேரம் பாட்டுச் சத்தம் ஓயாது.

தூரத்தைப் பார்க்கும்போது இன்னொன்று. "ஸ்டேஷனிலிருந்து 400 மீட்டர்" என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கோலாலம்பூரில் பல இடங்களில் நடுவே ஒரு பெரிய நெடுஞ்சாலை ஓடும், நேராகக் கடக்க வழி இருக்காது. மேப்பில் நடந்துபோகும் வழியைப் போட்டு, எத்தனை நிமிடம் காட்டுகிறது என்று பாருங்கள். பெட்டிகளோடும் பாட்டியோடும் போனால் அந்த நேரம் இரண்டு மடங்காகும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது செக்-இன் நேரத்தில்தான். மதுரை ஸ்டேஷனுக்கு எதிரில், டவுன்ஹால் ரோட்டில் உள்ள லாட்ஜ்களில் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. காலை ஆறு மணிக்கு வந்தால் மறுநாள் ஆறு மணி வரை நம் ரூம். அந்தப் பழக்கத்திலேயே வெளிநாடு போகிறோம். அங்கே ரூம் கையில் கிடைப்பது மதியம் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோதான்; மறுநாள் பன்னிரண்டு மணிவாக்கில் காலி செய்ய வேண்டும். திருச்சியில் இரவு விமானம் ஏறி விடியற்காலையில் போய் இறங்கும் குடும்பம் என்ன ஆகும்? குழந்தைகள் சோபாவில் தூங்கிவழிய, பெரியவர்கள் குளிக்க இடமில்லாமல் வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இப்படி வருகிறவர்கள் முந்தின இரவுக்கும் சேர்த்து ரூம் போட்டுவிடுவது நல்லது. போட்டதும், "விடியற்காலையில்தான் வருவோம், வரவில்லை என்று ரூமை ரத்து செய்துவிடாதீர்கள்" என்று ஹோட்டலுக்குக் கட்டாயம் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் இரவு ஆள் வரவில்லை என்று வேறு யாருக்காவது கொடுத்துவிடக்கூடும். அந்தச் செலவு வேண்டாம் என்பவர்கள், பெட்டிகளை ஹோட்டலில் வைத்துவிட்டு பத்துமலைக்குப் போய்விட்டு மதியம் திரும்பலாம். பெரும்பாலான ஹோட்டல்களில் பெட்டிக்கு இடம் கொடுப்பார்கள்.

தேதிக் குழப்பமும் இதோடு சேர்ந்ததுதான். 12ஆம் தேதி பிறந்து அரை மணி நேரத்தில், அதாவது நள்ளிரவு பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தால், உங்களுக்கு வேண்டியது 11ஆம் தேதி ரூம். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே இரவு பத்து மணி என்றால் அங்கே தேதியே மாறிவிட்டது. இதைக் கணக்கில் எடுக்காமல் போடுகிறவர்கள் போய் நிற்கும்போது, அவர்கள் பெயரில் அன்றைக்கு ரூமே இருக்காது.

"ஒரே ரூம் போதும், ஆறு பேரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பது நம் வீட்டுப் பேச்சு. அங்கே நடக்காது. ரூமுக்கு இத்தனை பேர் என்று கணக்கு இருக்கும்; கூடுதல் ஆளுக்குப் பணம் கேட்பார்கள், இல்லையென்றால் இன்னொரு ரூம் எடுக்கச் சொல்வார்கள். அதுவும் அன்றைய விலைக்கு. குழந்தைகளின் வயதையும் சேர்த்து உண்மையான எண்ணிக்கையைப் போட்டுத் தேடினால், குடும்பத்துக்கான பெரிய ரூம்கள் தானாகக் கண்ணில் படும். இரண்டு ரூமாக எடுத்தால் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஜன்னல். கோலாலம்பூரிலும் பினாங்கின் ஜார்ஜ் டவுனிலும் குறைந்த வாடகை ஹோட்டல்களில் ஜன்னலே இல்லாத ரூம்கள் நிறைய. போட்டோவில் கட்டிலுக்குப் பின்னால் அழகான திரைச்சீலை தொங்கும். இழுத்துப் பார்த்தால் சுவர். ஏமாற்றினார்கள் என்றும் சொல்ல முடியாது, ரூம் விவரத்தில் ஜன்னல் இல்லை என்று சின்ன எழுத்தில் இருக்கும். பகல் முழுக்க வெளியே சுற்றுகிறவர்களுக்குப் பரவாயில்லை. மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் உடன் வந்தால் அந்த ரூமைத் தொடவே வேண்டாம். வாடகை வித்தியாசம் என்னவோ கொஞ்சம்தான்.

செல்போனில் காட்டும் தொகையோடு செலவு முடிவதில்லை. வெளிநாட்டுப் பயணிகளிடம் ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவது 2017 முதல் நடைமுறை. பெரும்பாலும் கவுண்டரில்தான் கேட்பார்கள். திருப்பித் தரக்கூடிய டெபாசிட்டும் கேட்பது வழக்கம். கையில் ரிங்கிட்டாக வைத்திருங்கள். கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா ரிங்கிட்டிலா என்று மெஷின் கேட்டால் ரிங்கிட்டையே அழுத்துங்கள். ரூபாயில் போட்டால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பணம் போகும்.

அடுக்குமாடி வீடுகளை நாள் வாடகைக்கு எடுப்பதும் இப்போது பெருகியிருக்கிறது. நீச்சல் குளம், சமையலறை எல்லாம் உண்டு, குடும்பத்துக்கு வசதிதான். ஆனால் எல்லா அடுக்குமாடிகளும் இதை அனுமதிப்பதில்லை. சாவியை யாரிடம், எங்கே, எத்தனை மணிக்கு வாங்குவது என்பதும், வாசலில் செக்யூரிட்டி கேட்டால் என்ன காட்டுவது என்பதும் எழுத்தில் வராமல் பணம் கட்டாதீர்கள். இரவு பதினோரு மணிக்கு வீட்டுக்காரர் போனை எடுக்காவிட்டால் உதவிக்கு அங்கே கவுண்டர் கிடையாது.

ஊருக்கு ஊர் ஹோட்டல் மாற்றிக்கொண்டே இருப்பதையும் குறைக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும். கெந்திங் மலைக்குக் கோலாலம்பூரிலிருந்தே காலையில் பஸ் ஏறிப் போய்விட்டு மாலையில் திரும்பலாம். அங்கேதான் தங்குவோம் என்றால் சனிக்கிழமையை விட்டுவிடுங்கள். அங்குள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்டு ஹோட்டலில் 7,351 ரூம்கள், உலகிலேயே அதிக ரூம்கள் என்று கின்னஸ் சாதனை பெற்றது. அப்படியும் வார இறுதியில் வாடகை எகிறிவிடும். லங்காவியில் பஸ்ஸை நம்பிப் போக முடியாது. படகுத்துறை உள்ள குவா டவுனில் மலிவாக ரூம் எடுத்துவிட்டு, கடற்கரைக்காகத் தினமும் செனாங்குக்கு டாக்சியில் போனால் மிச்சப்படுத்திய காசு அதிலேயே போய்விடும்.

நம் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை டிசம்பரில். அந்த மாதம் மலேசியாவின் கிழக்குக் கரையில் பருவமழை. பெர்ஹெந்தியான் போன்ற தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் மூடிக்கிடக்கும். கடல் பார்க்க வேண்டுமென்றால் அப்போது மேற்குக் கரையில் உள்ள லங்காவிதான் சரி. தைப்பூசத்தை ஒட்டிப் போகிறவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே ரூம் போட்டுவிட வேண்டும்.

ரூம் போட்டு முடித்ததும் முதல் ஹோட்டலின் பெயரையும் முழு முகவரியையும் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மலேசியாவில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையில் அதைக் கேட்பார்கள். அட்டை வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து.