'படபடப்பு' என்ற ஒரு சொல் போதாது: இளம் வயதில் நெஞ்சு துடிப்பதைப் புரிந்துகொள்ளும் முறை

தமிழில் ஒருவர் 'படபடப்பாக இருக்கிறது' என்று சொன்னால் அதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவரின் மனக்கலக்கமும் படபடப்புதான். எந்தக் கவலையும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ சிறகடிப்பதைப் போல உணர்வதும் படபடப்புதான். இருபது, முப்பது வயதில் இருப்பவர், குறிப்பாக ஒரு பெண், மருத்துவரிடம் இந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால், கேட்பவர் முதல் பொருளையே எடுத்துக்கொண்டு, 'மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்' என்று சொல்லி அனுப்பிவிடக்கூடும். பெரும்பாலும் அது தவறாகவும் இருக்காது, ஏனென்றால் இளம் வயதில் வரும் படபடப்புகளில் பெரும்பகுதி ஆபத்தற்றவை. ஆனால் ஆபத்தற்றதையும், மருந்து தேவைப்படுவதையும், உடனே கவனிக்க வேண்டியதையும் பிரித்துக் காட்டுவது நீங்கள் சொல்லும் விவரம்தான். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் துடிப்பு அடங்கிவிடுவது வழக்கம் என்பதால், அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதற்கு நீங்கள் ஒருவர்தான் சாட்சி.

காத்திருக்கக் கூடாத நிலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். படபடப்போடு மயங்கி விழுதல், நெஞ்சுவலி, அசையாமல் இருக்கும்போதே மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், வேகமான துடிப்பு அடங்காமல் நீடித்தாலும், வீட்டில் இருந்துகொண்டு யோசிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழையுங்கள். ஓடும்போதோ, நீந்தும்போதோ, விளையாட்டின் நடுவிலோ மயங்கி விழுந்தவர், சில நொடிகளில் தெளிந்து எழுந்துவிட்டாலும், இதய மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மீண்டும் விளையாடக் கூடாது. 'வெயிலில் சாப்பிடாமல் ஓடினான், அதனால்தான்' என்று வீட்டில் உள்ளவர்கள் தாங்களாகவே ஒரு காரணத்தை முடிவுசெய்துவிடும் இடம் இது. அந்த முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து, நாடி பார்க்கப் பழகுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள பள்ளத்தில், மறுகையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைத்து, 30 நொடிகள் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். துடிப்பு ஒழுங்கற்று இருந்தால் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கட்டைவிரலால் பார்த்தால் அதற்குள் ஓடும் துடிப்பே குழப்பும். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. நன்றாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கு 50, சிலருக்கு 40 என்றுகூட இருக்கும். உடல்நலத்தோடு இருக்கும் ஒரு காலையில் உங்கள் எண் என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது தெரியாவிட்டால், படபடக்கும்போது எண்ணிய எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

படபடப்பு வரும்போது கவனிக்க வேண்டியவை, அது எப்படித் தொடங்கியது, எந்தத் தாளத்தில் அடித்தது, எப்படி நின்றது என்ற மூன்றும்தான். அந்தத் தாளத்தை விரலால் மேசையில் தட்டிக் காட்டினால் போதும், அனுபவமுள்ள மருத்துவர் பாதி விடையை அதிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

திடீரென்று நெஞ்சு ஒருமுறை தூக்கி அடித்தது, ஒரு கணம் நின்றது போல இருந்தது, பிறகு சரியாகிவிட்டது என்றால், அது பெரும்பாலும் எக்டோபிக் எனப்படும் முந்திவரும் துடிப்பு. நேரத்துக்கு முன்பே ஒரு துடிப்பு வந்துவிடுவதால் அடுத்ததற்குச் சற்று இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிட அதிக இரத்தத்தால் நிரம்பி, அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. நமக்குத் தெரிவது அந்தப் பலமான துடிப்புதான். இரவில் இடப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கும்போது இது நன்றாக உணரப்படும். நலமான இதயத்திலும் இது வரும். தூக்கம் கெட்ட நாட்களில் கூடும்.

துடிப்பு படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கினால், இதயம் எதற்கோ மறுமொழி சொல்லிக்கொண்டிருக்கிறது என்று பொருள். காரணத்தை இதயத்துக்கு வெளியே தேட வேண்டும். நம் நாட்டில் முதலில் தேட வேண்டியது இரத்தசோகை. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறையும்போது, ஒவ்வொரு துடிப்பிலும் போய்ச்சேரும் ஆக்சிஜன் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்வது, தலைமுடி கொட்டுவது, காலையிலேயே சோர்வு என்று எல்லாவற்றையும் 'உடம்பு வீக்காக இருக்கிறது' என்ற ஒரே சொல்லில் அடக்கி, ஆண்டுக்கணக்கில் அதோடு வாழப் பழகிவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். மாதவிலக்கில் அதிக இரத்தம் போவது இதற்கு ஒரு பெரிய காரணம். மருத்துவரிடம் அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) இரத்தத்தில் ஹீமோகுளோபின் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள், அதையொட்டியோ உணவு முடிந்த உடனேயோ டீ, காபி குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும், ஆனால் அதற்குத் துணையாக வேறு அடையாளங்களும் இருக்கும்: நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, விரல்கள் நடுங்குவது, மற்றவர்கள் போர்த்திக்கொண்டிருக்கும்போது தனக்கு மட்டும் வியர்ப்பது. டி.எஸ்.எச். என்ற ஒரு இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். காய்ச்சல், நீரிழப்பு, கர்ப்பம், தொடர்ந்து இரவுப்பணி ஆகியவையும் துடிப்பைக் கூட்டும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால், சில சளி மாத்திரைகள், உடற்பயிற்சிக்கூடத்தில் பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் பொடிகள், எனர்ஜி டிரிங்க், எடைகுறைப்பு மருந்துகள் ஆகியவற்றை மருத்துவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். 'மருந்து எதுவும் சாப்பிடவில்லை' என்று சொல்பவர்களின் பட்டியலில் இவை விடுபட்டுப்போவது வழக்கம். காபியைப் பொறுத்தவரை, நலமான பெரியவருக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் காஃபீன் வரை தீங்கில்லை என்பது பொதுவான வரம்பு. ஆனால் இரண்டு டம்ளரிலேயே படபடப்பவர்களும் உண்டு, அவர்கள் இரண்டு வாரம் நிறுத்திப் பார்ப்பதே சிறந்த சோதனை.

மூன்றாவது வகையைத்தான் நான் அதிகம் வலியுறுத்த விரும்புகிறேன், ஏனென்றால் இளம் வயதினரிடம் மனப்பதற்றம் என்று தவறாகப் பெயர் சூட்டப்படுவது இதற்குத்தான். சுவிட்ச் போட்டது போல ஒரே நொடியில் தொடங்கி, நிமிடத்துக்கு 150 முதல் 220 வரை, கடிகார முள் போல ஒழுங்காக ஓடி, மீண்டும் ஒரே நொடியில் நின்றுவிடும். குனிந்து ஒரு பொருளை எடுக்கும்போதுகூடத் தொடங்கலாம். சிலருக்குக் கழுத்தில் பலமாகத் துடிக்கும். சிலருக்கு அதன்பின் அதிகமாகச் சிறுநீர் கழியும். மருத்துவர்கள் எஸ்.வி.டி. என்று சொல்லும் இதில், இதயத்தின் மின்னோட்டம் நேர்வழியில் இறங்காமல் ஒரு சிறு வட்டத்துக்குள் சிக்கிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. துடிப்பு முதலில் தாவி, அதைக் கண்டு அச்சம் பிறகு வருகிறதா, அல்லது அச்சமும் மூச்சுவாங்கலும் முதலில் வந்து துடிப்பு மெல்ல ஏறுகிறதா என்று நினைத்துப் பாருங்கள். பீதித் தாக்கத்தில் பொதுவாக இரண்டாவதுதான் நடக்கும்.

எஸ்.வி.டி. என்று ஏற்கெனவே உறுதியாகி, மருத்துவர் அனுமதித்தவர்கள், அது வரும்போது வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்தண்டு சற்றே நகரும் அளவுக்கு 15 நொடிகள் அழுத்தி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுக்க, இன்னொருவர் கால்களைச் சாய்வாகத் தூக்கி 15 நொடிகள் பிடிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு வெளியான பிரிட்டன் ஆய்வில், உட்கார்ந்து ஊதியது மட்டும் 17 விழுக்காட்டினருக்குத்தான் பலன் தந்தது. படுத்துக் காலைத் தூக்கியதும் சேர்ந்தபோது அது 43 விழுக்காடு ஆனது. அடிக்கடி வருபவர்களுக்கு, தொடையிலுள்ள இரத்தநாளம் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த வட்டத்தைத் துண்டிக்கும் அப்ளேஷன் சிகிச்சை பெரும்பாலும் நிரந்தரத் தீர்வாகிவிடுகிறது.

தாளமே பிடிபடாமல் ஒழுங்கின்றித் துடிப்பது இளம் வயதில் அரிது. வந்தால் தைராய்டு, மிகுந்த மது, சிறுவயதில் தொண்டைப்புண்ணும் மூட்டுவலியுமாக வந்த வாதக்காய்ச்சலால் சுருங்கிய வால்வு ஆகியவற்றைத் தேடுவார்கள். வால்வுக் கோளாறு கர்ப்பகாலத்தில்தான் முதன்முதலாக வெளிப்படுவதும் உண்டு.

மருத்துவரிடம் போவதற்கு முன்பு வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நம் குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? நீச்சல் தெரிந்தவர் நீரில் மூழ்கியது, தூக்கத்திலேயே உயிர் போனது போன்றவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். இதயத் தசை தடிப்பது, மின்னோட்டக் கோளாறு ஆகிய சில நோய்கள் பரம்பரையாக வருபவை. முதலாவது சுமார் 500 பேரில் ஒருவருக்கு உண்டு.

துடிப்பு அடங்கியபின் எடுத்த ஈசிஜி இயல்பாக இருந்தால், அந்த நேரத்தில் கோளாறு இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். என்றாலும் பிறவியிலேயே உள்ள கூடுதல் மின்பாதை போன்ற சில, ஓய்வில் எடுத்த ஈசிஜியிலும் தெரியும் என்பதால் அது வீண் இல்லை. தினமும் வருபவருக்கு, உடலில் அணிந்தபடியே 24 மணி நேரத் துடிப்பையும் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவி உதவும். மாதம் ஒருமுறை வருபவருக்கு அதில் அகப்படாது, அவர்கள் படபடக்கும்போதே பக்கத்தில் உள்ள எந்த மருத்துவமனைக்காவது போய் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்வது மேல். அப்படி எடுத்த தாளை வாங்காமல் வரவேண்டாம். அந்த வெப்பத்தாளில் உள்ள கோடுகள் நாளடைவில் மங்கிப்போகும். அன்றே செல்பேசியில் படமெடுத்து, தேதியோடும் நேரத்தோடும் சேமித்து வையுங்கள்.