லேடெக்கில் பேக்கேஜ்கள் மோதும்போது நாம் செய்யும் தவறுகள்

ஆய்வேட்டை லேடெக் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில் எழுதுபவர்கள் பலரும், பேக்கேஜ்களை (கூடுதல் வசதி தரும் தொகுப்புகளை) ஏற்றும் தொடக்கப் பகுதியான ப்ரீஆம்பிளைத் தாங்களே எழுதுவதில்லை. சீனியர் கொடுத்திருப்பார், அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. எந்த பேக்கேஜ் எதற்கு என்று யாருக்கும் தெரியாது, எடுத்துப் பார்க்கவும் பயம். நானும் அப்படி ஒன்றை வாங்கி, மேலே இன்னும் பத்தைச் சேர்த்தவன்தான். அதில் சப்ஃபிக், சப்கேப்ஷன் இரண்டும் இருந்தன. துணைப்படங்களை அடுக்கும் ஒரே வேலைதான் இரண்டும் செய்வது, ஆனால் சேர்ந்து இருக்க முடியாதவை. ஒன்றைத் தூக்கத்தான் வேண்டும்.

எல்லோரும் ஒருமுறையாவது முட்டிக்கொள்வது ‘ஆப்ஷன் கிளாஷ் ஃபார் பேக்கேஜ் எக்ஸ்கலர்’ என்ற பிழையில். உடனே நிறங்களுக்கான எக்ஸ்கலரைச் சந்தேகிப்போம். பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. மேலே இருக்கும், படம் வரைவதற்கான டிக்ஸ் பேக்கேஜ், தன் தேவைக்காக எக்ஸ்கலரை வெறுமனே ஏற்றிவிட்டது. கீழே நீங்கள் அதையே ‘டேபிள்’ ஆப்ஷனோடு கேட்கிறீர்கள். ஒரு பேக்கேஜ் ஒரு தடவைதான் ஏறும். எக்ஸ்கலர் வரியை டிக்ஸுக்கு மேலே கொண்டுபோனால் தீர்ந்தது. ஸ்லைடுகளுக்கான பீமர் போல டாகுமென்ட்கிளாஸே (ஆவண வகையே) அதை ஏற்றுகிறதென்றால், அந்த வரிக்கும் மேலே ‘பாஸ்ஆப்ஷன்ஸ்டுபேக்கேஜ்’ கட்டளையில் ஆப்ஷனைக் கொடுங்கள்.

வரிசை விஷயத்தில், இணைப்புகளை உருவாக்கும் ஹைப்பர்ரெஃப் பெரும்பாலும் கடைசி. மற்ற பேக்கேஜ்களின் கட்டளைகளை அது திருத்தி எழுதுவதால். குறுக்குக் குறிப்புகளுக்கான கிளெவர்ரெஃப் மட்டும் அதற்கும் பின்னால்.

ஒரே கட்டளையை இரண்டு பேக்கேஜ்கள் வரையறுத்து ‘ஆல்ரெடி டிஃபைன்ட்’ என்று வந்தால், பழைய கட்டளையை ‘ரிலாக்ஸ்’ (ஒன்றும் செய்யாத கட்டளை) ஆக்கி வாயை அடைப்பது பலருக்குப் பழக்கம். எனக்கு அது பிடிக்காது. கணித எழுத்துருவுக்கான நியூடிஎக்ஸ்மேத் இருக்கும்போது, கணிதக் குறியீடுகளுக்கான ஏஎம்எஸ்சிம்ப் எதற்கு? அந்தக் குறியீடுகளை அதுவே தருகிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒன்று: எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் ஃபான்ட்ஸ்பெக்கைப் போட்டுவிட்டு பிடிஎஃப்லேடெக் எஞ்சினில் ஓட்டினால் அங்கேயே நின்றுவிடும். ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் வேண்டும்.

பிழைகள் வரிசையாகக் கொட்டும்போது கடைசியைப் படிக்காதீர்கள். லாகில் (ஓட்டத்தின் பதிவுக் கோப்பில்) முதலாவதைத் தேடுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் வால். அதிலும் பிடிபடாவிட்டால் கோப்பைப் பிரதியெடுத்து, பேக்கேஜ்களில் பாதியை கமென்ட் செய்து (செயல்படாமல் ஆக்கி) ஓட்டி, பிழை எந்தப் பாதியில் என்று பாருங்கள்.

சரிசெய்த பிறகும் பிழை போகவில்லையா? மேற்கோள்களுக்கான பிப்லேடெக்கை எடுத்துவிட்டு, அதே வேலைக்கான நாட்பிப்புக்கு மாறிய அன்று, நான் எழுதவே எழுதாத ‘ஏபிஎக்ஸ்’ என்று தொடங்கும் ஏதோ கட்டளை தெரியவில்லை என்றது லேடெக். ப்ரீஆம்பிளை வரி வரியாகப் பார்த்து ஒரு மாலை போனது. பழைய ஓட்டத்தில் பிப்லேடெக் எழுதிவைத்த வரிகள் ஆக்ஸ் என்ற துணைக் கோப்பில் அப்படியே கிடந்தன. அந்தக் கோப்பை அழித்ததும் ஓடிவிட்டது.