ஓய்வுபெற்று மறைந்த ஆசிரியருக்கு நினைவு மலர்: தொகுப்பவர்களுக்கான வழிகாட்டி

மறைந்த ஆசிரியருக்காக மாணவர்கள் கூடிப் போடும் மலர்கள் பலவற்றில் முதல் பத்துப் பக்கம் பிரமுகர்களின் இரங்கல் செய்தியாகவே இருக்கும். அதற்குப் பிறகு "அன்பானவர், கண்டிப்பானவர், எளிமையானவர்" என்று ஆளாளுக்கு எழுதியிருப்பார்கள். பெயரை மட்டும் மாற்றினால் வேறு எந்த ஆசிரியருக்கும் அது பொருந்திவிடும். வகுப்பையே கலகலக்க வைத்த மனிதர் என்றால், மலரைப் புரட்டும்போது அவர் குரல் கேட்க வேண்டும். அதற்கான வேலை, செய்தி திரட்டும்போதே தொடங்கிவிடுகிறது.

வேலையைத் தொடங்கும் முன் குடும்பத்தாரிடம் சம்மதம் பெறுங்கள். எதை எழுதலாம், எதை வேண்டாம் என்று நினைக்கிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு எலும்புக்கூடு: பிறப்பு, படிப்பு, முதல் பணி நியமனம், இடமாறுதல்கள், பதவி உயர்வு, ஓய்வு. இவற்றை நினைவிலிருந்து எழுத வேண்டாம். நியமன ஆணை, மாறுதல் ஆணை, பணிப்பதிவேடு, பள்ளி ஆண்டு மலர், தேதியிட்ட குழுப்படங்கள் ஆகியவற்றிலிருந்து எடுங்கள். சான்றிதழில் உள்ள பிறந்த தேதியும் வீட்டில் சொல்லும் தேதியும் வேறுபட்டால், எதைப் போடுவது என்பதைக் குடும்பமே முடிவு செய்யட்டும். இந்தக் காலவரிசை ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மற்றவர்கள் சொல்வதைச் சரிபார்க்கத்தான் அது பெரிதும் உதவும்.

யாரிடம் கேட்பது? சுறுசுறுப்பான கடைசித் தொகுதி மாணவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். அதனால் மலர் முழுக்க முதுமைக் கால ஆசிரியரே நிறைந்துவிடுவார். இருபத்தைந்து வயதில் அவர் எப்படி இருந்தார் என்பது முதல் தொகுதிக்குத்தான் தெரியும். ஆகவே பணிக்காலத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது ஐந்து பேரையாவது தேடிப் பிடியுங்கள். உடன் பணியாற்றியவர்கள், அலுவலக உதவியாளர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் எல்லாரையும் கேளுங்கள். ஆசிரியர் அறையில் நடந்த வேடிக்கையெல்லாம் இவர்களிடம்தான் இருக்கும். அடிக்கடி விட்டுப்போவது ஓய்வுக்குப் பிந்தைய காலம். நடைப்பயிற்சித் தோழர், நூலகர், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆகியோரிடம் நீங்கள் அறியாத இன்னொரு ஆசிரியர் இருப்பார்.

"அவரைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் புகழ்ச்சிதான் வரும். கேள்வியைக் குறிப்பாக வையுங்கள்: வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வார்? உங்களை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்? கோபம் வரப்போகிறது என்று எதை வைத்துத் தெரியும்? அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் எது? எந்தப் பாடத்தை அவர் நடத்திய விதம் இன்னும் நினைவில் இருக்கிறது? எதற்காவது உங்களிடம் வருத்தம் தெரிவித்திருக்கிறாரா? ஒருவருக்கு மூன்று கேள்வி போதும். எழுதத் தயங்குபவர்கள் இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்பட்டும். பெயர், இனிஷியல், எந்த ஆண்டு எந்த வகுப்பு என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிறகு குரலை வைத்து ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

நேரில் பதிவு செய்வதென்றால் மின்விசிறியை நிறுத்துங்கள், கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள், பேசுபவரிடமிருந்து ஒரு முழ தூரத்துக்குள் வையுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலைந்து மணி நேரமாவது ஆகும். பேச்சு வழக்கை அப்படியே விடுங்கள். "டேய், மணி அடிச்சா உனக்குத்தான், எனக்கு இல்ல" என்பதை "மணி ஒலித்தாலும் வகுப்பு தொடரும் என்பார்" என்று திருத்தினால் ஆளே காணாமல் போய்விடுவார்.

ஒரே சம்பவத்தை நால்வர் நாலு விதமாகச் சொல்வார்கள், தானே அந்த மாணவன் என்று இருவர் உரிமையும் கொண்டாடுவார்கள். காலவரிசையோடு ஒப்பிட்டு, பொருந்தாததை நீக்குங்கள். மற்றதை "இன்னார் நினைவில் இப்படி" என்று ஆளைச் சொல்லியே போடுங்கள். பட்டப்பெயர் பாசத்தில் வைத்ததாக இருந்து குடும்பமும் சம்மதித்தால் தாராளமாக வரட்டும். ஆசிரியர் கட்டணம் கட்டிப் படிக்கவைத்த கதைகளில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அவருடைய பெருமையைச் சொல்லும் அதே வரி, ஒரு மாணவரின் வறுமையை ஊரறியச் செய்துவிடும். சம்பந்தப்பட்டவர் தாமே எழுதினால் சரி. வேறொருவர் எழுதினால் பெயரும் ஆண்டும் வேண்டாம். பிரம்படிக் கதைகளை நகைச்சுவையாக்குவதும் எல்லாருக்கும் இனிக்காது. அடி வாங்கியவரே சிரித்துச் சொன்னால் மட்டும் சேர்க்கலாம்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அச்சுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும். சிறிய பழைய படத்தை இருமடங்கு பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் 600-இல் ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டும் ஆல்பத்தில் பிடித்துக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், இருந்தபடியே ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் நேர்மேலிருந்து எடுங்கள். குழுப்படத்தில் வரிசை வரிசையாக இடமிருந்து வலமாகப் பெயர்களைக் குறித்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் அடையாளம் சொல்லும் ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள். அவர் திருத்திய நோட்டுப் பக்கம் கிடைத்தால் அதைவிட நல்ல படம் இல்லை. அதை வண்ணத்திலேயே அச்சிடுங்கள். கறுப்பு வெள்ளையில் சிவப்பு மை மாணவனின் எழுத்தோடு கலந்து மறைந்துவிடும்.

அளவு ஏ5 (ஏ4 தாளில் பாதி) என்றால் 11 புள்ளி அளவு எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 180 சொற்கள் பிடிக்கும். கட்டுரைக்கு 350 சொல் வரம்பு வைத்தால் இரண்டு பக்கத்தில் அடங்கும். நடுவில் பின் அடிக்கும் மலருக்கு மொத்தப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 48 பக்கம் கைக்கு அடக்கமானது. இரங்கல் செய்திகளை இறுதியில் இரண்டே பக்கத்தில் சுருக்கிப் போடுங்கள், யார் கோபித்துக்கொண்டாலும் சரி. முதல் பக்கத்தில் அவருடைய ஒரு வாக்கியமும் ஒரு படமும் போதும்.

அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றச் சொன்னால் கவனமாக இருங்கள். யூனிகோடிலிருந்து (கைபேசிக்கும் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) மாற்றும்போது 'ஸ்ரீ', 'க்ஷ', கொம்பு, கால் எழுத்துகள் பிறழக்கூடும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடிலேயே வடிவமைத்தால், எழுத்துகளை அடுக்கும் 'வேர்ல்ட் ரெடி' கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், இல்லையேல் கொம்பு இடம் மாறும். இறுதிக் கோப்பு, எழுத்துருவையும் உள்ளேயே பதித்த பிடிஎஃப் ஆகவே போகட்டும்.

மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்ப்பது) இரண்டு முறை, இரண்டு ஆட்கள், காகிதத்தில். ஒருவர் பெயர், இனிஷியல், ஆண்டு இவற்றை மட்டும் பார்க்கட்டும். மற்றவர் ர, ற, ல, ள, ழ, ஒற்று. தமிழாசிரியரின் மலரில் ஒற்றுப்பிழை இருந்தால் பழைய மாணவர்கள் அத்தனை பேரும் சிவப்பு மையோடு கிளம்பிவிடுவார்கள்.

மொத்த வேலைக்கு எட்டு வாரம் ஒதுக்குங்கள். திரட்ட நான்கு, தொகுக்க இரண்டு, வடிவமைப்புக்கு ஒன்று, மெய்ப்புக்கும் அச்சுக்கும் ஒன்று. கட்டுரைக்கான கடைசி நாளை உண்மையான தேதிக்குப் பத்து நாள் முன்னதாக அறிவியுங்கள். மலரில் இடம்பெறாத குரல் பதிவுகளை அழிக்காதீர்கள். கோப்பின் பெயரிலேயே பேசியவர் பெயரும் வகுப்பு ஆண்டும் இருக்கும்படி மாற்றி, இரண்டு தனித்தனி இடங்களில் சேமித்து, ஒரு பிரதியைக் குடும்பத்தாரிடம் ஒப்படையுங்கள்.