உயிருள்ளவை, உயிரற்றவை: பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூ.கே.ஜி. படிக்கும் பிள்ளையிடம் "எதுக்கெல்லாம் உயிர் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். நாய், பூனை, காக்கா என்று ஆரம்பித்து ஆட்டோ, மேகம், மின்சார ரயில் வரைக்கும் பட்டியல் போகும். தெருமுனை வேப்பமரத்தைக் காட்டினால், "அது சும்மாதானே நிக்குது" என்பார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1920-களிலேயே இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அசைகிற பொருளுக்கு உயிர் உண்டு என்பது சின்னப் பிள்ளைகள் தாங்களே கவனித்துப் போட்டுக்கொள்ளும் கணக்கு. அதைத் திருத்த வேண்டிய நாமே பல நேரம் அதை உறுதிப்படுத்தி விடுகிறோம்.

"நகர்ந்தால் உயிருள்ளது, நகராவிட்டால் உயிரற்றது" என்று மனப்பாடம் செய்ய வைப்பது அப்படித்தான். சொல்ல எளிது, பிள்ளையும் உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த ஒரு வரியில் எல்லா மரமும் செடியும் தப்பான பக்கம் போய்விடுகின்றன. சரி, செடிக்கும் உயிர் உண்டு என்று காட்டத் தொட்டாற்சிணுங்கியைத் தேடிப் போகிறோம். தொட்டதும் இலை மூடும், வகுப்பே கைதட்டும். அப்புறம் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? இது அசைகிறது, அதனால் இதற்கு உயிர் இருக்கிறது. வேம்பு அசையவில்லை, அதனால் அதற்கு இல்லை. பழைய கணக்கு இன்னும் இறுகிவிடும். தொட்டாற்சிணுங்கியைத் தாராளமாகக் காட்டலாம், ஆனால் முதல் பாடமாக வேண்டாம்.

முதல் பாடத்துக்குப் பச்சைப்பயறு போதும். ஒரு பிடி பயறு, வேகவைத்து ஆறவைத்த இன்னொரு பிடி பயறு, கொஞ்சம் கூழாங்கல். மூன்றையும் இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் தனித்தனி ஈரத்துணியில் வையுங்கள். சென்னைச் சூட்டில் ஒன்றிரண்டு நாளில் வேகவைக்காத பயறு முளைவிட்டுவிடும். கல் நனைந்ததோடு சரி. வெந்த பயறு வாடை அடிக்க ஆரம்பிக்கும், அதைச் சீக்கிரம் எடுத்துக் கொட்டிவிட வேண்டும். "அதுவும் பயறுதானே, ஏன் முளைக்கல?" என்று பிள்ளையே கேட்கும். அந்தக் கேள்வி வரும்வரை நாம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். பதிலை முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் சோதனை வீண்.

இங்கேதான் அடுத்த தவறு தெரியவரும். ஒர்க்‌ஷீட்டில் இரண்டே கட்டம்: உயிருள்ளவை, உயிரற்றவை. வெந்த பயறு எந்தக் கட்டத்தில் போகும்? காய்ந்த சருகு? பெஞ்சுப் பலகை? பெசன்ட் நகர் கடற்கரையில் பொறுக்கிய சிப்பி ஓடு? கல்லையும் சிப்பியையும் ஒரே கட்டத்தில் போட்டால் ஒரு பெரிய விஷயம் நழுவிவிடும். கல்லுக்கு எப்போதுமே உயிர் இருந்ததில்லை. சிப்பி ஓடு ஓர் உயிர் தன் உடம்பைக் காக்கத் தானே உருவாக்கிக்கொண்டது. அதனால் மூன்று கூடை வையுங்கள்: உயிர் இருப்பவை, முன்பு உயிரோடு இருந்தவை அல்லது உயிரிலிருந்து வந்தவை, எப்போதுமே உயிர் இல்லாதவை. ஒரு மாலை கடற்கரைக்குக் கூட்டிப் போனால் மூன்றும் கிடைக்கும். மணலில் ஓடி வளைக்குள் மறையும் நண்டும், படர்ந்து கிடக்கும் அடம்பங்கொடியும் முதல் கூடை. சிப்பி ஓடும் காய்ந்த குச்சியும் இரண்டாவது. மணலும் கண்ணாடித் துண்டும் மூன்றாவது. நண்டையும் கொடியையும் பார்த்துவிட்டு வந்தால் போதும், பிடிக்கவோ பிடுங்கவோ வேண்டாம்.

முட்டையைப் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் சில மாதங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. அந்த முட்டை மணலுக்குள் ஒன்றரை மாதத்துக்கு மேல் அசையாமல் கிடக்கும், ஆனால் உள்ளே குஞ்சு வளர்ந்துகொண்டே இருக்கும். கடையில் வாங்கும் கோழி முட்டை பொதுவாகச் சேவலோடு சேராத கோழி இட்டது, அடைவைத்தாலும் பொரிக்காது. இதைப் பிள்ளைக்கு அப்படியே சொல்லலாம். ஆம்லெட்டுக்கு உடைத்த முட்டைக்குள் குஞ்சு இருந்ததோ என்று பயந்துபோகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு செய்யப் பழக்குவதும் தவறு. ஆட்டோ ஓடுகிறது, பெட்ரோல் குடிக்கிறது, புகையும் விடுகிறது. நெருப்பு பெரிதாகிறது, காற்று இல்லாவிட்டால் அணைந்துவிடுகிறது. ஆனால் ஆட்டோ குட்டி போடுமா? சின்ன ஆட்டோவாக இருந்து வளருமா? தன் கீறலைத் தானே ஆற்றிக்கொள்ளுமா? சாப்பிடுவது, மூச்சு விடுவது, வளர்வது, தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்குவது என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நெருப்பு கொஞ்சம் சிக்கலான உதாரணம், ஏழெட்டு வயதுக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம்.

"தண்ணிதான் செடிக்குச் சாப்பாடு" என்பதும் வேண்டாம். வேர் தண்ணீரை உறிஞ்சுகிறது, இலை வெயிலைக்கொண்டு சாப்பாட்டைத் தயாரிக்கிறது, அவ்வளவு போதும். செடி ஆக்சிஜனை வெளியே விட மட்டும்தான் செய்யும் என்று சொல்லிவிட்டால் பெரிய வகுப்பில் அதை அழிப்பது பெரும்பாடு. செடியும் இரவு பகல் எப்போதும் நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்து மூச்சு விடுகிறது.

விழுந்த பிள்ளைக்காகத் தரையை அடிப்பது, நிலாவை மாமா என்பதெல்லாம் கெடுதல் இல்லை. பொம்மைக்குச் சோறு ஊட்டும் பிள்ளைக்கு அது விளையாட்டு என்று தெரியும். நடுவில் போய் "அதுக்கு உயிர் இல்ல" என்று திருத்த வேண்டாம்.

ஆனால் தாத்தா இறந்த வீட்டில் "தாத்தா தூங்குறார்" என்று சொல்லாதீர்கள். சில பிள்ளைகள் அதன்பிறகு தூங்கவே பயப்படும். தாத்தாவின் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது, திரும்பி எழவும் மாட்டார் என்று மெதுவாக, உண்மையாகச் சொல்லுங்கள். அதே கேள்வியை நாலு நாள் கழித்து மறுபடி கேட்பார்கள். அதே பதிலை அதே பொறுமையோடு சொல்ல வேண்டியிருக்கும்.