மேக்னம் ரிவால்வருக்கு முதல் பவுடர் எது?

.357 அல்லது .44 மேக்னம் (அதிக அழுத்தத் தோட்டா) ரிவால்வர் வாங்கி, பவுடர் என்னும் வெடிமருந்தைப் போட்டுத் தோட்டாவைத் தாங்களே நிரப்பத் தொடங்கும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எச்110 பவுடர் வாங்கட்டுமா?" என்பதுதான். வேண்டாம், முதல் டப்பா அலையன்ட் நிறுவனத்தின் 2400 பவுடராக இருக்கட்டும் என்பேன். நான் இருப்பது அமெரிக்காவின் அரிசோனாவில். இங்கே இது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

1935இல் வந்த .357 மேக்னத்தின் பித்தளைக் கூடு, அதற்கு முந்தைய .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு அங்குலம்தான் நீளம். ஆனால் அழுத்தத்தின் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டிலிருந்து 35,000 பவுண்டுக்கு ஏறிவிடுகிறது. .44 மேக்னத்துக்கு 36,000. புல்ஸ்ஐ, டைட்குரூப் போன்ற வேகமாக எரியும் பவுடர்களில், தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டு கொஞ்சம் நகர்வதற்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். அந்த உச்சவரம்புக்குள் நின்றால் மேக்னம் வேகம் கிடைக்காது. மெதுவாக எரியும் பவுடரோ குழாய் நெடுகக் குண்டைத் தள்ளிக்கொண்டே போகும்.

மெதுவான பவுடரை நான் விரும்ப இன்னொரு காரணமும் உண்டு. வேகமான பவுடர் கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். தவறுதலாக இரண்டு முறை கொட்டினாலும் கண்ணில் படாது. துப்பாக்கி சிதறுவது பெரும்பாலும் இப்படித்தான். 2400இன் முழு அளவைக் கொட்டினால் கூட்டில் பாதிக்கு மேல் நிரம்பிவிடும், இரண்டாம் முறை கொட்டினால் வழிந்துவிடும். புதியவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

சரி, எச்110இல் என்ன குறை? பவுடராக அது அருமையானது. சின்னச் சின்ன உருண்டைகளாக இருப்பதால் அளவியில் (பவுடரை அளந்து கொட்டும் கருவி) தண்ணீர் மாதிரி இறங்கும். கனமான குண்டுக்கு உச்ச வேகம் வேண்டுமென்றால் அதை மிஞ்ச ஆள் குறைவு. வின்செஸ்டர் 296 என்று விற்பதும் இதே பவுடர்தான், எது மலிவோ அதை வாங்கலாம். ஆனால் அது முழு வேகத்துக்கு மட்டுமான பவுடர். வெளியிட்ட அளவிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே எச்சரிக்கிறது. குறைத்தால் சரியாகப் பற்றாது. குண்டு குழாயின் நடுவிலேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளக்கும். வலுவாகத் தீ மூட்டும் மேக்னம் பிரைமரும் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு பாகம்தான் பிரைமர்), கூட்டின் வாயை அழுத்தமாக இறுக்கும் கிரிம்பும் இதற்குக் கட்டாயம். கை பழகாத ஒருவர் இத்தனை நிபந்தனைகளோடு தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

2400 அப்படி அடம்பிடிக்காது. ஐடஹோ மாநிலத்துத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத், பழைய .44 ஸ்பெஷல் தோட்டாவில் இந்தப் பவுடரைக் கனமாக நிரப்பிச் சுட்டுக் காட்டி, துப்பாக்கிக் கம்பெனிகளை விடாமல் வற்புறுத்தியதன் பலன்தான் 1950களின் நடுவில் வந்த .44 மேக்னம். பவுடர் கம்பெனி வெளியிடும் கையேட்டின் தொடக்க (குறைந்த) அளவிலும் 2400 ஒழுங்காக எரியும். சாதாரண பிரைமரே பல கையேடுகளில் போதுமானதாக இருக்கிறது. உச்ச வேகத்தில் எச்110ஐவிடச் சற்றுப் பின்தங்கும், கொஞ்சம் எரியாத துகளும் மிஞ்சும். இலக்கு அட்டைக்கு அது தெரியப் போவதில்லை.

மணிக்கட்டு நோகாமல் மதியம் முழுக்கச் சுட வேண்டும் என்றால் யூனிக் என்ற பவுடரை வாங்குங்கள். நடுத்தர வேகத்துக்கு, குறிப்பாக ஈயக் குண்டுக்கு, அது நல்ல தேர்வு. செதில் செதிலாக இருப்பதால் அளவியில் சீராக இறங்காது, அடிக்கடி தராசில் வைத்துப் பாருங்கள். இரண்டு முறை கொட்டிவிடும் அபாயமும் இதில் உண்டு. அதனால் குண்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் துப்பாக்கியையும் கணக்கில் எடுங்கள். இரண்டு அங்குலக் குழாயில் மெதுவான பவுடரின் ஒரு பகுதி வெளியே தீப்பிழம்பாகத்தான் போகும். ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 19 போன்ற நடுத்தரச் சட்டக ரிவால்வர்களில் 125 கிரெயின் எடையுள்ள (கிரெயின் ஒரு சிறு எடை அலகு) இலேசான குண்டுகளை முழு வேகத்தில் தொடர்ந்து சுட்டு, குழாயின் பின்வாயில் விரிசல் விட்ட கதைகள் பிரசித்தம். அவற்றுக்கு 158 கிரெயின் குண்டே நல்லது.

அளவுகளை இங்கே நான் எழுதவில்லை. பவுடர் கம்பெனியின் இப்போதைய கையேட்டில், உங்கள் குண்டுக்கும் பிரைமருக்கும் உரிய வரியைப் பாருங்கள். தொடக்க அளவில் ஆரம்பித்து மெல்ல ஏறுங்கள். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். கையேட்டு அளவால் வகுத்தால் ஒரு டப்பா எத்தனை தோட்டாவுக்கு வரும் என்று தெரிந்துவிடும். பெயரை இரண்டு முறை படித்து வாங்குங்கள்: வீட்டவோரி நிறுவனத்தின் என்110 வேறு, எச்110 வேறு, ஒன்றின் அளவு மற்றதற்குப் பொருந்தாது.

அப்புறம், மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பா. வேலை முடிந்ததும் அளவியில் மிஞ்சியதை உடனே அதே டப்பாவில் கொட்டி மூடிவிடுங்கள். மறுநாள் அளவியில் இருப்பது எந்தப் பவுடர் என்று துளி சந்தேகம் வந்தாலும் அதைத் தோட்டாவில் போடாதீர்கள்.