கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் 'ஆஃப்லைன்' ஆகிறதா?

வெள்ளவத்தை ஃபிளாட்டோ தெஹிவளை வீடோ, வைஃபை பிரிண்டரில் வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: நேற்று அடித்தது, இன்று ஆஃப்லைன். பிரிண்டரில் பிழை இருக்காது. கரண்ட் போய் வரும்போது ரவுட்டர் அதற்கு வேறு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கருவியைக் கண்டுபிடிக்கும் எண்) கொடுத்திருக்கும். கம்ப்யூட்டரோ பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும்.

முதலில் பிரிண்டரின் நெட்வொர்க் விபரத்தாளை அச்சடியுங்கள். அதில் ஐபி முகவரியும் மேக் முகவரியும் (கருவிக்கே உரிய மாறாத அடையாள எண்) இருக்கும். ஐபி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். பிரிண்டரில் வைஃபை கடவுச்சொல்லைத் திரும்பப் போடுங்கள். வைஃபை பெயரே பிரிண்டரில் தெரியாவிட்டால் ரவுட்டரில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலிவு பிரிண்டர்கள் பலவற்றுக்கு 5 கிகாஹேர்ட்ஸ் பிடிபடாது.

அடுத்து பிரவுசரில் 192.168.1.1 (சில ரவுட்டர்களில் 192.168.8.1) அடித்து உள்ளே போய், டிஹெச்சிபி (கருவிகளுக்கு ஐபி கொடுக்கும்) பகுதியில் அந்த மேக் முகவரிக்கு ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். உதாரணமாக, 192.168.1.1 ரவுட்டரில் 192.168.1.50. பிரிண்டரை ஒருதரம் நிறுத்திப் போடுங்கள்.

கடைசியாக விண்டோஸில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டு, தானாகத் தேட விடாமல், 'ஐபி முகவரி மூலம் சேர்' என்பதைத் தெரிவு செய்து, சாதன வகையில் டிசிபி/ஐபி கொடுத்து அதே எண்ணைப் போடுங்கள். தானாகச் சேர்ந்தால் பல நேரம் டபிள்யூஎஸ்டி போர்ட்டில் (விண்டோஸ் தானாகக் கருவியைத் தேடிச் சேர்க்கும் இணைப்பு) போய் உட்காரும். அதுவும் சும்மா சும்மா ஆஃப்லைன் காட்டும்.

பிரிண்டரை கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வைஃபை) மட்டும் போடவேண்டாம். அங்கே ஒரு கருவிக்கு மற்றது பொதுவாகத் தெரியாது.